காரீயமும் கைக்குழந்தையும்

பெண்ணின் பிரசவத்துக்கென்று டெக்ஸாஸுக்குப் போன எனக்கு, துப்பாக்கிக் குண்டு வார்ப்பது எப்படி என்று தெரிந்துகொண்டு திரும்பும் பாக்கியம் கிடைத்தது! சிரிக்காதீர்கள். அங்கே அது ஒரு பொழுதுபோக்கு. நம் ஊரில் சிலர் தபால்தலை சேர்ப்பதில்லையா, அதைப் போல. பழைய மோட்டார்ச் சக்கரங்களிலிருந்து கழற்றிய ஈயக் கட்டிகளை உருக்கி, அச்சில் ஊற்றி, குறி சுடுவதற்குத் தாங்களே குண்டு செய்துகொள்கிறார்கள்.

அடுத்த வீட்டுப் பெரியவருக்கு இந்தப் பைத்தியம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். சனிக்கிழமை தவறாமல் என் மாப்பிள்ளையும் ஒத்தாசைக்குப் போய்விடுவார். கார் நிறுத்தும் கொட்டகைதான் பட்டறை. "புகை வெளியே போக மின்விசிறி வைத்திருக்கிறார், அத்தை. பயமே இல்லை" என்பார்.

அந்த வீட்டுப் பேத்திக்கு ஒரு வயசு நிறைந்து, ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஒரு டெஸிலிட்டர் ரத்தத்தில் 9 மைக்ரோகிராம் காரீயம்! 2021 முதல் அமெரிக்காவில் 3.5 இருந்தாலே குழந்தையைக் கவனிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறைந்தால் கெடுதல் இல்லை என்றும் அர்த்தமில்லை. வளரும் மூளைக்குத் தீங்கு செய்யாத அளவு என்று ஒன்றை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பாட்டியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கொட்டகைப் பக்கமே குழந்தையை விட்டதில்லையே!"

குழந்தை போகவில்லை; ஈயம்தான் வந்திருக்கிறது. காரீயம் 327 டிகிரியில் உருகிவிடும். கொதிப்பதற்கோ 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகையால் நிதானமான சூட்டில் உருக்குகிறவருக்குப் புகையைவிடத் தூசிதான் பொல்லாதது. பாலில் ஆடை படிவது போல உருகிய ஈயத்தின் மேல் கசடு மிதக்கும். அதைக் கரண்டியால் வழித்துப் போட்டால் மாவாக உதிரும். சுட்டுப்போட்ட பித்தளைத் தோட்டாக் கூடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும்போது கிளம்பும் தூசியிலும் ஈயம் உண்டு. எல்லாம் விரலிலும் சட்டையிலும் பூட்ஸிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். போதாக்குறைக்கு, துணி துவைக்கும் யந்திரமும் அந்தக் கொட்டகையிலேயே இருந்தது! தாத்தாவின் சட்டையும் குழந்தையின் கவுனும் ஒன்றாகச் சுழன்றன. தவழுகிற குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்காமல் இருக்குமா? பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தால், குழந்தைகளுக்குப் பாதி வரை சேர்ந்துவிடும்.

எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. என் பெண்ணுக்கு அப்போது ஏழாம் மாதம். தாயின் ரத்தத்திலிருந்து ஈயம் சிசுவுக்குப் போய்விடும். மாப்பிள்ளையின் சட்டையைத் துவைத்து மடிப்பவள் அவள்தானே? மறுநாளே இரண்டு பேரையும் ரத்தம் கொடுக்க அனுப்பினேன்.

("ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அது வெள்ளீயம், வேறு உலோகம். வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம் கலந்து விற்றால்தான் ஆபத்து. காகிதத்தில் தேய்த்துக் கறுப்புக் கோடு விழுந்தால் அந்தச் சொம்பை அடுப்பில் ஏற்றாதீர்கள். கோடு விழாவிட்டாலும் கலப்பே இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. வாங்கும் இடம் நம்பகமாக இருக்க வேண்டும்.)

குழந்தைக்கு மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. ஈயத்தை வெளியேற்றும் மருந்தெல்லாம் 45-ஐ எட்டினால்தானாம். ஈயம் வரும் வழியை அடைப்பது, இரும்புச்சத்தும் கால்ஷியமும் உள்ள ஆகாரம் கொடுப்பது, மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதிப்பது, இவ்வளவுதான் சிகிச்சை.

அப்புறம் பாட்டியம்மாளின் ராஜ்யம்தான்! துவைக்கும் யந்திரம் இடம் மாறியது. பட்டறைச் சட்டையும் பூட்ஸும் வீட்டுப் படி ஏறக் கூடாது. அங்கே துடைப்பம் போடக் கூடாது. ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். காப்பிக் கோப்பைக்கும் சிகரெட்டுக்கும் தடை. ஈயம் போக்குவதற்கென்றே விற்கும் சோப்பால் கை கழுவிக் குளித்த பிறகுதான் பேத்தியைத் தூக்கலாம். பெரியவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

என் பெண்ணுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று வந்தது. மாப்பிள்ளைக்கு 7. "சனிக்கிழமைகளில் இனி நான் வீட்டில்தான், அத்தை" என்றார், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

பேரன் பிறந்து, நான் ஊருக்குப் புறப்படுகிற வாரத்தில் அடுத்த வீட்டுப் பேத்தியின் இரண்டாவது பரிசோதனை முடிவு வந்தது. 5. இன்னும் இறங்க வேண்டும். அதைச் சொல்ல வந்த பெரியவர், பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.