ஒரே சிலைக்குப் பல கட்டுரைகள்: ஆசிரியைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அம்மா,

இந்த மடலைத் தபாலில் உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் கலையைப் பற்றியும் வடிவமைப்பைப் பற்றியும் தமிழில் எழுத ஆசைப்படும் இளையவர்கள், எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் உங்கள் மாலை வகுப்பில் கேட்டவை. அதை ஊரறியச் சொல்லிவிடுவதுதான் முறை.

அந்நாளில் எங்களுக்குப் படிக்கக் கிடைத்த கலைக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. கலைஞர் பிறந்த ஊர், படித்த இடம், வாங்கிய விருது, கடைசியில் ஒரு பாராட்டு. நீங்கள் முதல் வாரத்திலேயே நடராசர் என்ற ஒரே பொருளைப் பற்றிய இரண்டு கட்டுரைகளை எங்கள் முன்னால் வைத்தீர்கள். ஒன்று, கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி எழுதிய 'சிவ நடனம்'. 1918இல் நியூயார்க்கில் நூலாக வந்த தொகுப்பின் தலைப்புக் கட்டுரை அது. மற்றொன்று, பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913இல் எழுதி, அவர் மறைந்த பிறகு 1921இல் அச்சேறியது. ரோடின் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகளின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் எழுதினார்.

குமாரசுவாமியின் கேள்வி, இந்த ஆட்டத்தின் பொருள் என்ன என்பது. அதற்குத் திருமூலரையும் 'உண்மை விளக்கம்' என்ற சைவ நூலையும் சான்றுக்கு அழைக்கிறார். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று ஐந்தொழிலையும் சிலையின் அங்கங்களோடு பொருத்திக் காட்டுகிறார். ஒரு வாக்கியத்தின் தோளில் அடுத்த வாக்கியம் நிற்கிறது. ரோடினுக்குச் சாத்திரம் தெரியாது. அவர் வாயைப் பார்க்கிறார், காலைப் பார்க்கிறார், உடம்பின் மேல் நிழல் எப்படி நகர்கிறது என்று பார்க்கிறார். அவருடைய வாக்கியங்கள் குறிப்பேட்டில் கிறுக்கியவை போலத் துண்டு துண்டாக நிற்கின்றன. "எது சிறந்தது?" என்று ஒருவர் கேட்டதும், "எந்தக் கேள்விக்கு?" என்று திருப்பிக் கேட்டீர்களே, அந்த ஒரு கேள்வியில்தான் இன்றுவரை என் பிழைப்பு நடக்கிறது. கட்டுரை எந்த வகை என்பதைத் தலைப்பு முடிவு செய்வதில்லை. பொருளின் முன் நாம் எந்தக் கேள்வியோடு நிற்கிறோம் என்பது முடிவு செய்கிறது. நடை, சான்று, நீளம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பிறகு எங்களை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனீர்கள். திருவாலங்காட்டு நடராசரின் முன்னால் நிறுத்தி, 'அழகு', 'உன்னதம்', 'தெய்விகம்' என்ற மூன்று சொற்களுக்கும் தடை போட்டீர்கள். "எடை எங்கே இறங்குகிறது? அதை மட்டும் எழுதுங்கள்." பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. முயலகன் என்ற குள்ள அசுரன் மேல் ஊன்றிய வலக்கால் முழங்காலில் மடிந்து மொத்த உடலையும் தாங்குகிறது. இடக்கால் உடலின் குறுக்கே தூக்கியிருக்கிறது. இடப்புறத்து முன்கையும் அதே திசையில் குறுக்கே நீண்டு அந்தப் பாதத்தைக் காட்டுகிறது. ஒரு பக்கமாக இவ்வளவு பாரம் சாய்ந்தும் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இது விவரணைக் கட்டுரை. இதில் தேறாத எவரும் அடுத்த வகைக்குப் போகக் கூடாது என்ற உங்கள் பிடிவாதத்தை இப்போது நானும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது ஒப்பீடு. அதே கேள்வியை எடுத்துக்கொண்டு மெரினாவுக்குப் போகச் சொன்னீர்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை, 1959இல் நிறுவப்பட்டது. நடராசரைப் போல அதுவும் வெண்கலம்தான். நான்கு பேர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். அங்கே எடை கீழே இறங்கவில்லை, பாறையை நோக்கிச் சாய்கிறது. முதுகிலும் தொடையிலும் தசை முறுக்கேறி நிற்கிறது. சோழர் காலத் திருமேனியில் ஒரு நரம்பு கூடப் புடைத்திருக்காது. மூச்சை உள்ளிழுத்து நிறுத்தியது போல உடல் வழவழவென்று நிறைந்திருக்கும். உலோகம் ஒன்று, உடம்பைப் பற்றிய எண்ணம் இரண்டு. இரண்டு பொருளிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால்தான் ஒப்பீடு. இல்லையென்றால் இரண்டு தனிக் கட்டுரைகளை ஒரே ஆணியில் மாட்டியதாகிவிடும் என்பீர்கள்.

வாதக் கட்டுரைக்கு மாமல்லபுரத்துப் பெரும்புடைப்புச் சிற்பத்தைக் கொடுத்தீர்கள். ஒற்றைக் காலில் கைகளை உயர்த்தி நிற்கும் தவசி அர்ச்சுனனா, பகீரதனா? பகீரதன் என்று வாதிடுபவர் பாறைப் பிளவையும் அதில் மேலேறும் நாகர்களையும், மேலிருந்து நீர் விழ வழி இருந்திருக்கும் என்பதையும் காட்டுவார். அர்ச்சுனன் என்று வாதிடுபவர் வரம் தரும் சிவனைக் காட்டுவார். எதிர்த்தரப்பினரின் வலுவான சான்றை அவர்களே மெச்சும்படி எழுதிவிட்டுத்தான் நம் பக்கத்தைச் சொல்ல வேண்டும் என்றீர்கள். கீழே தவம் செய்யும் பூனையையும் சுற்றி நிற்கும் எலிகளையும் உங்கள் வாதம் எங்கே வைக்கும் என்றும் கேட்டீர்கள். அந்தப் பூனை எத்தனையோ வாதங்களைத் தின்றுவிட்டது!

அருங்காட்சியகக் குறிப்பு, கண்காட்சி விமர்சனம் இவற்றுக்கு நீங்கள் அதிக நேரம் செலவிடவில்லை. குறிப்பை மக்கள் நின்றுகொண்டு படிக்கிறார்கள், படித்ததும் கண் மறுபடி பொருளுக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். விமர்சனத்தில் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் மாட்டியிருந்தது என்பதை எழுதாதவர் அந்தக் கூடத்துக்குப் போகவில்லை என்று பொருள்.

ஆனால் அம்மா, நான் உங்களுக்கு மிகவும் கடன்பட்டிருப்பது வடிவமைப்புக் கட்டுரைக்குத்தான். கோயிலும் காட்சிக்கூடமும் மட்டுமே கலை எழுத்தின் இடம் என்றிருந்த எங்கள் மேசையில் ஒரு டபரா செட்டைக் கொண்டுவந்து வைத்தீர்கள். அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் இந்திய அரசுக்குத் தந்த அறிக்கையைப் பற்றிச் சொன்னீர்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக வழிவகுத்த அறிக்கை அது. அதில் அவர்கள் சாதாரணச் சொம்பை எடுத்துக்கொண்டு, எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், யாருடைய கை பிடிக்கும், இடுப்பிலா தலையிலா சுமப்பது, நிறைந்திருக்கும்போது நிலை எப்படி, கழுவ எளிதா என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். அதைப் போல டபராவிடம் கேளுங்கள் என்றீர்கள்.

கேட்டோம். டம்ளரின் விளிம்பு ஏன் வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது? உடம்பு சுட்டாலும் விளிம்பைப் பிடித்துத் தூக்க. அண்ணாந்து குடிக்கும்போது காபி தாரையாக விழ. டபராவின் வாய் ஏன் அகலம்? பரப்பு கூடினால் சூடு சீக்கிரம் தணியும். உயரத்திலிருந்து ஆற்றும்போது சிந்தாது, நுரையும் எழும். இத்தனையும் எழுதி நாங்கள் பூரித்திருந்த வேளையில் நீங்கள் கேட்டீர்கள்: "இந்தப் பாத்திரம் யாருக்கு உதவவில்லை?" கை நடுங்கும் முதியவருக்கு, பிடி இல்லாத இந்தச் சுடு டம்ளர் எவ்வளவு பெரிய தொல்லை! பாராட்டோடு நின்றுவிடும் எழுத்து பொருளை விற்பவருக்குப் பயன்படும், புழங்குபவருக்குப் பயன்படாது. அந்தக் கேள்விக்குப் பிறகு பேருந்துப் படிக்கட்டு, வங்கிப் படிவம், மருந்து அட்டை எதைப் பற்றி எழுதினாலும் நான் முதலில் தேடுவது அந்த முதியவரைத்தான்.

சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறைக்குள் எங்களை உட்காரவைத்ததையும் சொல்லியாக வேண்டும். தென்னை ஓலை நறுக்கை மடித்து அளவெடுப்பது, மெழுகில் குங்கிலியம் கலப்பது, உருவத்தின் மேல் காவிரி வண்டலை முதல் பூச்சாகப் பூசுவது, சூட்டில் மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பது. செய்முறைக் கட்டுரையில் வினைச்சொற்கள் பட்டறையில் புழங்குபவையாக இருக்க வேண்டும், எழுதியதை ஸ்தபதிக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் கண்டிப்பு. இன்றும் அப்படித்தான் செய்கிறேன். அவர்கள் திருத்தித் தரும் சொல் ஒவ்வொன்றும் என் கட்டுரையை உயர்த்துகிறது.

அம்மா, ஒரு வேண்டுகோள். உங்கள் பாடக் குறிப்புகள் அந்த நீல அட்டைக் கோப்புகளில் இன்னும் இருக்கும் என்று நம்புகிறேன். தமிழில் இப்படியொரு கையேடு மாணவர்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது. நூலாக்க அனுமதி கொடுங்கள். தட்டச்சு, மெய்ப்பு, படங்களுக்கு அனுமதி வாங்கும் அலைச்சல் எல்லாம் உங்கள் பழைய மாணவர்களாகிய நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எந்த அத்தியாயத்தை முதலில் வைப்பது என்று மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.


உங்கள் மாணவி