பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையும் செயலி செய்பவர்களும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பயனர் அனுபவ வடிவமைப்பு என்றதும் பங்சார் சவுத்திலோ பெட்டாலிங் ஜெயாவிலோ உள்ள ஓர் அலுவலகமும், திரையில் பொத்தான்களை நகர்த்தும் இளைஞர்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தத் தொழிலைப் பற்றி எழுத நான் தேர்ந்த களம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ். துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய தெருக்களில் நடந்தால் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் மஞ்சள் புடைப்புக் கற்கள் காலடியில் தட்டுப்படும். பார்வையற்றவர்கள் பணிபுரியும் உடம்புப்பிடி நிலையங்களின் பலகைகள் தெரியும். 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு வடிவமைப்புக் குழு எவ்வளவு அழகாக வரைகிறது என்பதைவிட, யாரை எதிரே உட்காரவைத்துச் சோதிக்கிறது என்பதே அதன் தரத்தை முடிவு செய்கிறது என்று நான் நினைக்கிறேன். அதற்கான சான்றுகள் இந்த வட்டாரத்திலேயே கிடைக்கின்றன.

இந்தத் தொழிலுக்கு இன்றைய பெயர் பரவியது 1990களில். 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த வடிவமைப்பு ஆய்வாளர் டான் நார்மன் தம் பதவிப் பெயரிலேயே 'பயனர் அனுபவம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டார். இன்று ஒரு நடுத்தரக் குழுவில் மக்களைச் சந்தித்துப் பேசும் ஆய்வாளர், படிகளை வகுப்பவர், தோற்றத்தை அமைப்பவர், திரையில் வரும் சொற்களை எழுதுபவர் என்று பலர் இருப்பார்கள். பக்கத்திலேயே நிரலாளர்களும் பொருள் மேலாளரும். காகிதத்திலோ கணினியிலோ ஒரு மாதிரி செய்கிறார்கள். அதைச் சிலரிடம் கொடுத்து, உதவாமல், குறுக்கே பேசாமல், அவர்கள் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். திருத்தி மறுபடியும் கொடுக்கிறார்கள். வாய்மூடிக் கவனிக்கும் அந்த அரைமணி நேரம்தான் இந்தத் தொழிலின் உயிர். வேலை நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

அந்த அரைமணி நேரம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் திரைக்கு வெளியே காட்டிய இடம் பிரிக்பீல்ட்ஸிலேயே உள்ள கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம். பழைய ரயில்வே யார்டு நிலத்தில் எழுந்த அந்த நிலையம் 2001இல் இயங்கத் தொடங்கியது. 2003 ஆகஸ்டில் மோனோரயில் வந்தது. அதன் கடைசி நிலையத்துக்கும் கேஎல் சென்ட்ரல் என்றே பெயர். வரைபடத்தில் இரண்டும் ஒன்று. ஆனால் பயணி வெளியே இறங்கி, வெயிலிலும் மழையிலும் நடந்துதான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டியிருந்தது. 2014இல் நு சென்ட்ரல் பேரங்காடி திறந்த பிறகே கூரைக்கு அடியில் இணைப்பு கிடைத்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரு நிலையங்களும் வேலை செய்தன. பெட்டியும் கையுமாக ஒருவர் இங்கிருந்து அங்கே போகும் வழியைத்தான் யாரும் தம் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. செயலிகளிலும் இதே கோளாறு வரும்: பணம் செலுத்தும் பகுதியை ஒரு குழுவும் உள்நுழையும் பகுதியை வேறொரு குழுவும் செய்யும், இரண்டுக்கும் இடையில் பயனர் தொலைந்துபோவார்.

பயனரின் பழக்கத்திலிருந்து தொடங்கிய எதிர்மாறான சான்றும் இந்த நாட்டில் உண்டு. மலேசியாவில் வளர்ந்த தமிழர் பலருக்கு விரல் பழகியது ரோமன் எழுத்து விசைப்பலகை. மலாயும் ஆங்கிலமும் அதில்தான். மலேசிய மென்பொருளாளர் முத்து நெடுமாறனின் அஞ்சல் விசைமுறை அந்தப் பழக்கத்தை அப்படியே ஏற்றது: ஒலிக்கேற்ப ரோமன் எழுத்துகளைத் தட்டினால் தமிழ் வரும். தமிழ் எழுத்துகளையே விசைகளில் வைக்கும் தமிழ்99 முறையே சீரானது, விரைவானது என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புதிய முறையைக் கற்கப் பொறுமையில்லாத ஒருவர் தமிழில் எழுதாமலே இருந்துவிடுவார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எல்லாரையும் சோதிக்கக் காசும் நேரமும் ஏது என்று மேலாளர்கள் கேட்பார்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். ஆனால் அது ஒரே வகைப் பயனர்களுக்கான கணக்கு. பார்வையுள்ள ஐந்து பட்டதாரிகள் பார்வையற்ற ஒருவருக்கு ஈடாக மாட்டார்கள். பயனர்கள் எங்கே தட்டுகிறார்கள் என்ற தரவு கையில் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. உள்ளே வந்தவர்களின் தடயம் மட்டுமே அதில் பதியும். பெயரிடப்படாத பொத்தானை, திரையில் உள்ளதை ஒலியாகச் சொல்லும் திரைவாசிப்பான் வெறுமனே 'பொத்தான்' என்று படிக்க, அடுத்த அடி தெரியாமல் செயலியை நீக்கிவிட்டவர் எந்தப் பட்டியலிலும் இருக்கமாட்டார். அப்படிப்பட்டவர்கள் சிலர்தானே என்றும் சொல்வார்கள். இணைய அணுகல் நெறிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. அந்த விதியால் கிள்ளானில் கண்புரை வளர்ந்த பாட்டிக்கும், உச்சிவெயிலில் கைத்தொலைபேசியைப் பார்க்கும் உணவு விநியோகப் பையனுக்கும் பயன் உண்டு.

வடிவமைப்பாளர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு சில நிமிடம் செயலியைத் தொட்டுப் பார்க்கும் பயிற்சியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அது கற்றுத்தருவது திடீரென்று பார்வை போனவரின் பயத்தை. பல ஆண்டுகளாகத் திரைவாசிப்பானோடு வாழ்பவர் நமக்குப் புரியாத வேகத்தில் அதைக் கேட்பவர். அவருக்கு என்ன தடை என்பதை அவரிடம்தான் கேட்டறிய வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கேஎல் சென்ட்ரலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறார்கள். நிரல் எழுதத் தொடங்கும் முன்பே அவர்களை அழைத்து, உபகாரமாக அல்லாமல் தொழில் அறிந்தவர்களுக்குரிய கூலி கொடுத்து, அதைத் திட்டச் செலவிலேயே ஒரு வரியாக எழுதிவிடலாம்.