இங்கிலாந்துக் கிராமங்களில் – 6: ஈம் ஊரின் பெயர்கள்

ஈம் கிராமத்துக்குப் போகும் முன் மேட்லாக் நகரில் இறங்கினேன். டார்பிஷயர் மாவட்டத்தின் ஆவணக் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. பழைய ஊர் ஒன்றுக்குப் போகிறவர் முதலில் அந்த ஊரின் ஏட்டைப் படித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. படித்த பிறகு தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீடும் பேசும்.

காப்பகத்தில் பையை வெளியே வைத்துவிட வேண்டும். பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும். பக்கத்து மேசையில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். தாய்வழி முன்னோர் ஈம் ஊர்க்காரர்கள். “கல்லறைக்குப் பூ வைக்கலாம் என்றுதான் கிளம்பி வந்தேன். அந்த வருஷத்துக்குக் கல்லறையே கிடையாது என்கிறார்கள்” என்றார். அவர் சொன்ன அந்த வருஷம் 1666, ஈமில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியிருந்த வருஷம்.

இங்கிலாந்தில் சாதாரண மனிதரின் குடும்ப வரலாற்றைத் தேட முடிகிறதென்றால் அதற்கு 1538இல் பிறந்த ஓர் ஆணை காரணம். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பாரிஷிலும், அதாவது தேவாலயப் பங்கிலும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் ஏட்டில் எழுதிப் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். ஏதோ புது வரிக்கு அடிபோடுகிறார்கள் என்று மக்கள் அஞ்சினார்கள். முதலில் தாளில் எழுதினார்கள். தாள் நிற்காது என்று 1598இல் தோலேட்டுக்கு மாற்றச் சொன்னார்கள். காணி நிலம் இல்லாத கூலியாளுக்கும், எழுதப் படிக்கத் தெரியாத சுரங்கக்காரருக்கும் இந்த ஏட்டில் இடமுண்டு. பிரபுக்களின் வரலாற்றைச் சொல்ல அரண்மனைகள் இருக்கின்றன. இவர்களுக்கு இந்த வரிகள் மட்டும்தான். ஆங்கிலேயர் போன இடத்துக்கெல்லாம் இந்த வழக்கத்தையும் கொண்டுபோனார்கள். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தின் திருமணப் பதிவு 1680இல் கம்பெனி ஊழியர் எலைஹு யேலின் கல்யாணத்தோடு தொடங்குகிறது.

ஈம் ஏட்டுக்கு வருவோம். இன்று நமக்குக் கிடைப்பது கொள்ளைநோய்க் காலத்தில் எழுதிய மூல ஏடு அல்ல. ஜோசப் ஹன்ட் என்பவர் அங்கே பாதிரியாராக இருந்தபோது, 1700களின் தொடக்கத்தில் எடுத்த படி. அதில் 1665 செப்டம்பர் 7ஆம் தேதி ஜார்ஜ் விக்கர்ஸ் என்றொரு பெயர். தையற்காரர் அலெக்சாண்டர் ஹேட்ஃபீல்டின் வீட்டில் வேலைக்கு வந்து தங்கியிருந்தவர். லண்டனிலிருந்து வந்த துணிக்கட்டை நெருப்பருகே விரித்து உலர்த்தினார், அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகளோடு பிளேக் ஊருக்குள் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. செப்டம்பர் 22இல் அதே வீட்டுச் சிறுவன் எட்வர்ட் கூப்பர். அடுத்த சில நாட்களில் அக்கம்பக்கத்தார். அக்டோபர் தொடக்கத்தில் எட்வர்டின் அண்ணன் ஜொனாதன். அடுத்த ஆகஸ்டில் அலெக்சாண்டர் ஹேட்ஃபீல்டும் போய்ச் சேர்ந்தார். இரண்டு பிள்ளைகளையும் கணவரையும் அடக்கம் செய்துவிட்டு உயிரோடு நின்றவர் அந்தப் பிள்ளைகளின் தாய் மேரி.

இந்த ஏடுகளைப் படிக்க ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1752 வரைக்கும் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே விக்கர்ஸுக்குப் பின் வந்த குளிர்காலத்தில், பிப்ரவரியில் செத்தவருக்கும் அந்தக் கணக்கில் ஆண்டு 1665தான். இது தெரியாமல் தேதியை வரிசைப்படுத்தினால், நோயைக் கொண்டுவந்தவருக்கு ஏழு மாதம் முன்பே அவர் செத்ததாக ஆகிவிடும். குடும்ப மரங்களில் அப்பா சாவதும் பிள்ளை பிறப்பதும் முன்பின்னாகக் குழம்புவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். பக்கத்து மேசை அம்மா ஒவ்வொரு ஜனவரி, பிப்ரவரிப் பதிவுக்கும் எதிரே இரண்டு ஆண்டுகளையும் சாய்கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். தேர்ந்த கை.

மேட்லாக்கிலிருந்து ஈம் அதிக தூரமில்லை. சுண்ணாம்புக்கல் மலைச்சரிவில் ஒரே நீளத் தெரு. அந்நாளில் ஈயச் சுரங்கமும் விவசாயமும் பிழைப்பு. தேவாலயத்தை ஒட்டிய வீடுகளின் முன்னால் பச்சைப் பலகைகள் நட்டு, அந்தந்த வீட்டில் யார் யார் செத்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஏட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக வாசித்த பெயர்களை வாசல் வாசலாகப் பார்க்கும்போது, எந்தச் சுவரைத் தாண்டி எந்த வீட்டுக்கு நோய் போனது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

1666 கோடையில் பாதிரியார் வில்லியம் மாம்பெஸன் ஊராரைக் கூட்டி மூன்று முடிவுகள் எடுத்தார். செத்தவரை அவரவர் குடும்பமே தம் தோட்டத்திலோ வயலிலோ புதைக்க வேண்டும். ஆராதனை தேவாலயத்துக்குள் இல்லை, கக்லெட் டெல்ஃப் என்னும் பள்ளத்தாக்கில் திறந்தவெளியில். ஊர் எல்லையைத் தாண்டி யாரும் வெளியே போகக் கூடாது. அந்த அம்மா தேடிய கல்லறை ஏன் இல்லை என்பதற்கு முதல் முடிவே பதில். ஸ்டோனி மிடில்டன் போகும் பாதையில் எல்லைக்கல் இன்னும் கிடக்கிறது. கல்லில் ஆறு குழிகள். அவற்றில் ஊரார் காடி ஊற்றிக் காசைப் போட்டுவிட்டு வருவார்கள். வெளியூரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். குழிகளின் விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. ஒன்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு கணு ஆழம்கூட இல்லை.

ஊருக்குக் கிழக்கே மேட்டில் ரைலி கல்லறைகள். வட்டமான கல்சுவருக்குள் ஹான்காக் குடும்பம். ஏட்டின்படி ஆகஸ்ட் 3இல் இரண்டு பிள்ளைகள், 7இல் கணவர் ஜானும் இன்னும் இரண்டு பிள்ளைகளும், 9இல் ஒரு மகள், 10இல் ஒரு மகள். எட்டு நாளில் ஏழு பேர். ஏழு பேரையும் எலிசபெத் ஹான்காக் தனியாளாக இழுத்து வந்து புதைத்தார். அந்தச் சரிவில் ஏறி நின்றபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவர் இந்த நிலத்தை ஏழு முறை வெட்டியிருக்கிறார்.

ஈம் என்றதும் உலகம் சொல்வது மாம்பெஸன் பெயரைத்தான். அவர் மனைவி கேத்தரினும் அந்த ஆகஸ்டிலேயே நோயில் இறந்தார். தேவாலய வளாகத்தில், பழைய சாக்ஸன் சிலுவைக்குப் பக்கத்தில் அவர் சமாதி இருக்கிறது. மாம்பெஸனின் தியாகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் 1664இல்தான் ஊருக்கு வந்தவர், ஊராருக்குப் புதியவர். மக்கள் மனத்தில் இருந்தவர் அவருக்கு முன்னால் போதகராக இருந்து, புதிய வழிபாட்டுச் சட்டத்துக்குப் பணிய மறுத்துப் பதவி இழந்த தாமஸ் ஸ்டேன்லி. அவரும் பக்கத்தில் நின்றதால்தான் ஊர் சம்மதித்தது. அதற்கும் மேலே, சம்மதித்துச் செத்தவர்கள் ஊரார். வரலாற்றாளர் பேட்ரிக் வாலிஸ் இந்த வீரக்கதை பின்னாளில் எப்படி வளர்ந்தது என்று விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கதை எவ்வளவு வளர்ந்தாலும் அந்த ஏட்டின் பெயர்கள் மாறுவதில்லை. எனக்கு அவைதான் பெரிது.

மொத்தச் சாவு சுமார் 260. ஊரில் 350 பேர்தான் இருந்தார்கள், 83 பேர்தான் பிழைத்தார்கள் என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். அடுப்பு வரிப் பட்டியலை எடுத்துப் பார்த்தவர்கள் அதை மறுத்தார்கள். 1662இல் வந்த அந்த வரி அடுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங்; வீட்டுத் தலைவர் பெயரோடு பட்டியல் இருக்கும். வீடுகளை எண்ணி மதிப்பிட்டால் ஊரில் ஏறக்குறைய 700 பேர் இருந்திருக்க வேண்டும். 2016இல் விட்டில்ஸ், டிடலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே பதிவுகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, முக்கால்வாசித் தொற்று மனிதரிடமிருந்து மனிதருக்குப் போனதென்று கணக்கிட்டார்கள். யார் யாருக்குப் பிள்ளை, யார் யாருக்குக் கணவர் என்று ஏட்டில் எழுதி வைத்ததால் வந்த முடிவு அது.

ஆனால் பிழைத்தவர்களைத் தேடுவதுதான் கடினம். சாவைத்தான் ஏடு எழுதும். ஒருவர் உயிர் தப்பினார் என்று எந்தப் பாதிரியாரும் எழுதுவதில்லை. 1666க்கு முன்னால் ஞானஸ்நானம் பெற்றவர், அந்தப் பதினான்கு மாத அடக்கப் பட்டியலில் இல்லாதவர், பின்னால் எங்கோ ஒரு கல்யாணத்திலோ பிள்ளைக்குப் பெயரிடும்போதோ திரும்ப வருகிறவர் – இந்த மூன்றும் பொருந்தினால் ஒருவர் கிடைப்பார். 2000 வாக்கில் மரபணு ஆய்வாளர் ஸ்டீஃபன் ஓ’ப்ரையன் இங்கே வந்து பிழைத்தவர்களின் வழித்தோன்றல்களிடம் டி.என்.ஏ. எடுத்தபோது இப்படிச் சேர்த்த குடும்ப மரங்கள்தான் வழிகாட்டின. ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் பிளேக்கிலிருந்து அவர்களைக் காப்பாற்றியிருக்குமோ என்ற அவர் ஊகம் பிந்தைய எலிச் சோதனைகளில் நிற்கவில்லை. குடும்ப மரங்கள் நிற்கின்றன.

மாலையில் அருங்காட்சியகத்தில் அந்த அம்மாவை மறுபடி பார்த்தேன். அவர் தேடிய குடும்பத்தில் ஒரு பெண் அடக்கப் பட்டியலில் இல்லை. ஈம் திருமணப் பதிவிலும் இல்லை. “அக்கம்பக்கத்துப் பாரிஷ்களின் ஏடுகளை எடுக்க வேண்டும். ஹாத்தர்சேஜ், பேக்வெல், டைட்ஸ்வெல்” என்று விரல் விட்டுச் சொன்னார். நாளைக்கு மேட்லாக் திரும்புகிறார்.

எலிசபெத் ஹான்காக்குக்கும் அதே கதைதான். ஏழு பேரைப் புதைத்த பின் அவர் ஈமில் இருக்கவில்லை; ஷெஃபீல்டில் தொழில் பழகிக்கொண்டிருந்த, மிச்சமிருந்த ஒரே மகனைத் தேடிப் போய்விட்டார். அங்கேயும் ஓர் ஏடு இருக்கிறது. காலையில் ஷெஃபீல்டு பஸ்.

(பயணம் தொடரும்)