முகம் காட்டாத கை

வீரர்களின் கதைகளை விரும்பாத பிள்ளைகள் இல்லை. முகமூடி அணிந்து, பெயரை மறைத்து, இரவோடு இரவாகச் சென்று பிறரைக் காத்துத் திரும்பும் இளம் வீரர் படைகள் இன்று திரைகளில் உலவுகின்றன. எங்கள் இளமையில் அந்த இடத்தில் இருந்தவர் இரும்புக்கை மாயாவி. சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே அவருடைய கதைதான். மின்சாரம் பாய்ந்ததும் அவருடைய உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் வெளியே தெரியும். இங்கிலாந்தில் 1962-இல் பிறந்த அந்தக் கதாபாத்திரம் முதலில் தீமைக்கே துணைபோய், பின்னரே நன்மையின் பக்கம் திரும்பி இரகசியப் பணிகளை ஏற்றது. மறைந்து செயல்படும் ஆற்றல் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. எண்ணமே அதற்கு மதிப்பைத் தருகிறது.

தேனாம்பேட்டையில் நான் ஓதிக் கொடுக்கும் மாலை நேர மக்தபில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் அண்மையில் ஒரு கேள்வியோடு வந்தனர். டி.எம்.எஸ். வளாகம் அமைந்த பகுதி இது. அண்ணா சாலையில் ஆம்புலன்ஸ் ஒலி கேட்காமல் எங்கள் பாடம் முடிவதில்லை. ஆகவே நோயுற்றோரைப் பற்றிய பேச்சு எங்களுக்குப் புதிதன்று. “ஹஜ்ரத், மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்கு நிதி திரட்ட வெளிநாடுகளில் விமானத்திலிருந்து குதிக்கிறார்களாமே! அதைப் போல நாமும் ஏதாவது பெரிதாகச் செய்யலாமா?” என்று கேட்டனர்.

குதிப்பவர் தம் உறவினரையும் நண்பர்களையும் அணுகி, “நான் பாராசூட்டில் குதிக்கிறேன், இந்த மருத்துவமனைக்கு நன்கொடை தாருங்கள்” என்று கேட்பார். அவருடைய துணிவைக் கண்டு மக்கள் கொடுப்பார்கள். இதுவே அதன் முறை. பிறர் பிள்ளைக்காகத் தன் அச்சத்தை வெல்ல முன்வருபவரை எள்ளி நகையாடுவது நமக்கு அழகன்று. ஆயினும் எண்ணம் நல்லதாக இருப்பது மட்டும் போதுமா என்பதற்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. அங்கே டேசைடு பகுதியில் இரண்டு பாராசூட் மையங்களில் ஐந்தாண்டுகளில் காயமுற்றோரின் கணக்கை மருத்துவர்கள் ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டனர். காயமடைந்த 174 பேரில் நூற்றுக்கு 94 பேர் தர்மத்திற்காக முதன்முறை குதித்தவர்கள். அவ்வாறு தர்மத்திற்காகக் குதித்தோரில் நூற்றுக்கு 11 பேர் காயமுற்றனர். ஒருவர் திரட்டிய தொகை சராசரியாக 30 பவுன். காயமுற்ற ஒருவருக்கு அரசு மருத்துவத் துறை செலவிட்டதோ 3,751 பவுன். தர்மத்திற்குச் சேர்ந்த ஒவ்வொரு பவுனுக்கும் அரசு மருத்துவமனைகள் 13.75 பவுன் இழந்தன.

பயிற்றுநரோடு தம்மைப் பிணைத்துக்கொண்டு குதிக்கும் முறை பின்னர் பரவியது. ஆகவே அந்தக் கணக்கை எல்லாக் காலத்திற்கும் பொருத்துதல் நீதியன்று. ஆனால் அது எழுப்பும் கேள்வி பழையதாகவில்லை: நாம் செய்வது குழந்தையின் தேவைக்காகவா, அல்லது செய்வதில் நமக்குள்ள ஆர்வத்திற்காகவா?

வெளிப்படையாகக் கொடுப்பதை நமது மார்க்கம் தடுக்கவில்லை. தர்மங்களை வெளிப்படையாகக் கொடுத்தாலும் நல்லதே என்றும், மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது மேலும் சிறந்தது என்றும் திருமறை நமக்கு உணர்த்துகிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுப்பவர், நிழலே இல்லாத மறுமை நாளில் அல்லாஹ்வின் நிழலைப் பெறும் எழுவருள் ஒருவர் என்ற கருத்தை நபிமொழி வாயிலாக நாம் அறிவோம். மாயாவியின் கதையில் ஆள் மறைந்தாலும் கை தெரியும். நம் தர்மத்திலோ அந்தக் கையும் மறைய வேண்டும்!

மதீனாவின் இருட்டில் இதை நடத்திக் காட்டியவர் இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள். இரவில் மாவு மூட்டையைத் தம் முதுகில் சுமந்து சென்று ஏழைகளின் வாசலில் சேர்த்து வந்தார்கள் என்றும், பெற்றவர்களுக்குக் கொடுத்தவர் யாரென்று தெரியாது என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர்கள் மறைந்த பின் அந்த உதவி நின்றுபோயிற்று. முதுகில் மூட்டை சுமந்த தழும்பும் தெரிந்தது. அதன் பின்னரே மக்கள் உண்மையை உணர்ந்தனர்.

இத்தகைய பண்பு மனித இனத்திற்கே பொதுவானது. பறக்கும் சிறுவன் பீட்டர் பேனைப் படைத்த ஜே. எம். பேரி, அக்கதையின் உரிமையை 1929-இல் இலண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கு வழங்கினார். அதனால் வரும் தொகையை வெளியிடக் கூடாது என்பது அவருடைய வேண்டுகோள். மருத்துவமனையும் அதைக் காத்து வருகிறது.

நோயுற்ற குழந்தைக்கு விளையாட்டும் மகிழ்ச்சியும் வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். ஹைதராபாத்தில் 2014-இல், இரத்தப் புற்றுநோயால் வாடிய 10 வயதுச் சிறுவனை ஒருநாள் காவல்துறை ஆணையராக அமரவைத்து அவன் ஆசையை நிறைவேற்றினர். அங்கே ஆசை குழந்தையுடையது. விழாவும் குழந்தைக்கே உரியது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. ஒரு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் நான் கண்ட காட்சி இது: உணவுப் பொட்டலம் வழங்க வந்த ஒருவர் கைப்பேசியை உயர்த்தியதும், ஒரு தாய் தன் முந்தானையால் மகனின் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டார். மருந்தின் கடுமையால் முடி முழுவதும் உதிர்ந்திருந்த பிள்ளை அது. கொடுப்பவரின் முகம் ஒளியில் நிற்க, பெறுபவரின் முகம் ஒளிந்துகொள்ள நேர்ந்தது. முகமூடி யாருக்கு உரியது என்பதை அந்த முந்தானை சொல்லிவிட்டது.

இதை என் பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் “மாயாவிப் படை” என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டு, மக்தபின் மூலையில் ஓர் உண்டியல் வைத்தனர். யார் எவ்வளவு போட்டார் என்று கேட்பதில்லை, படம் எடுப்பதில்லை, என்ன தேவை என்று கேளாமல் எதையும் வாங்குவதில்லை. இவை அவர்கள் வகுத்த விதிகள். நான் ஒன்றைச் சேர்த்தேன்: கொடுப்பவர் பெயர் மறையலாம், கணக்கு மறையக் கூடாது. வரவும் செலவும் ஒரு குறிப்பேட்டில் ஏறின.

ஓர் அரசு மருத்துவமனையின் செவிலியரிடம் விசாரித்தபோது, பொம்மைகளைவிட உடனிருக்கும் தாய்மாருக்குச் சோப்பு, துண்டு, பாய், ஃபிளாஸ்க் ஆகியவையே அவசரத் தேவை என்றார். சில குடும்பங்களுக்கு ஊர் திரும்பப் பேருந்துக் கட்டணமும் இல்லையாம். நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைகள் இருக்கும் பகுதிக்குள் கூட்டமாக வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் பொருள்களை அவரிடமே ஒப்படைத்துத் திரும்பினர். “குழந்தைகளைப் பார்க்கவே முடியவில்லையே, ஹஜ்ரத்!” என்று ஒருவன் வருந்தினான். “நீ பார்க்காவிட்டால் என்ன மகனே? உன்னைப் பார்க்க வேண்டியவன் பார்த்துவிட்டான்” என்றேன்.

அன்புச் சகோதர சகோதரிகளே! நோயாளியை நலம் விசாரிப்பது நம்மீதுள்ள கடமை. அனுமதி பெற்று, அளவோடு செல்வோம். 18 வயது நிரம்பிய, உடல்நலமுள்ள பிள்ளைகளை இரத்ததானத்திற்கு அனுப்புவோம். புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு அடிக்கடி தேவைப்படும் தட்டணுக்களை ஏறத்தாழ ஐந்து நாள்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது; ஆகவே கொடுப்பவர் ஓயாமல் வேண்டும். அந்தத் தானத்தில் இன்னொரு சிறப்பும் உண்டு. இரத்த வங்கியில் கொடுத்தவர், அதைப் பெற்ற குழந்தையை அறியார். பெற்ற குழந்தையும் கொடுத்தவரை அறியாது. நன்றி கேட்கவும் வழியில்லை, சொல்லவும் வழியில்லை.

அத்தகைய இக்லாஸை நம் பிள்ளைகளின் உள்ளங்களில் விதைத்து, முகஸ்துதியிலிருந்து நம் அனைவரையும் காத்து, நோயுற்ற குழந்தைகள் யாவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண நலத்தை அருள்வானாக! ஆமீன்.