பெட்டி சூடு

மார்ச் 4, 2024
திரை மறுபடியும் கறுத்துவிட்டது. ரந்தாவ் கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் பாதியைத் தாண்டியிருந்தது. மின்சாரம் இருக்கிறது, மேலே விசிறி சுற்றுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து கிடக்கிறது. அரை மணி விட்டுத் தட்டினால் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்துகொள்கிறது.

மார்ச் 5
சூடு காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 58 டிகிரி. எக்ஸ்போர்ட் கொடுத்த சில நிமிடத்தில் 97. இந்தச் சிப்புக்கு 100 எல்லை. நெருங்கும்போதே தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். அப்படி அணைவதால்தான் இன்னும் கருகாமல் இருக்கிறது.

மார்ச் 6
கல்யாணப் பெண்ணின் அம்மா இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

மார்ச் 9
சிரம்பான் கடைத் தம்பி, "கூலரையே மாத்திடுங்கண்ணே" என்றான். தெர்மல் பேஸ்ட் மட்டும் வாங்கி வந்தேன். கூலரைக் கழற்றினால், பழைய பேஸ்ட் வெற்றிலைப் பெட்டியில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது. அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்திருந்தது. கூலரைப் பிடிக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று பாதிதான் இறங்கியிருந்தது. அந்த மூலையில் சிப்பும் கூலரும் சரியாக ஒட்டவே இல்லை. அப்பா பஞ்சு எடுத்துக் கொடுத்தார். ஸ்பிரிட்டில் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, நான்கு ஊசியும் 'டக்' என்று இறங்கும்வரை அழுத்தினேன். 86! இரவு ரொட்டி சானாய் வாங்கிக் கொண்டாடினோம்.

மார்ச் 10
மத்தியானம் 93.

மார்ச் 14
தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியைத் தொட்டால் வானிலைத் துறை மெட்மலேசியா கணக்கில் முதல் நிலை எச்சரிக்கை. கம்ப்யூட்டர் இருக்கும் இந்தச் சாமான் அறைக்கு அது தினசரி நிலை. அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். கூலர் குளிரை உண்டாக்குவதில்லை, சூட்டை அறைக் காற்றில் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். இங்கே ஜன்னல் இல்லாததால் தள்ளிய சூட்டையே மறுபடி உள்ளே இழுக்கிறது.
அம்மா காரியம் முடிந்து, தோட்டத்து லயத்தைக் காலி செய்து அப்பாவை அழைத்து வரும்வரை கம்ப்யூட்டர் முன்னறையில் ஜன்னலோரம் இருந்தது.
"இத ஏன்ப்பா இங்க வச்சிருக்க?" என்று இன்று கேட்டார்.
"இருக்கட்டும்ப்பா."

மார்ச் 15
அப்பா இன்னமும் நாலு மணிக்கு எழுந்துவிடுகிறார். ரப்பர் பால் வெட்டு விட்டு எத்தனையோ வருஷமாயிற்று, வெட்டிய மரங்கள் இருந்த இடமெல்லாம் செம்பனை. "விடியறதுக்குள்ள வெட்டணும். வெயில் ஏறிட்டா மரம் பால் விடாது. நீ மட்டும் மத்தியானத்துல வேல வாங்குறியே" என்றார். வெயிலில் இலைகள் நீரை வெளியேற்ற, பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் ஒழுக்கு தளரும். அவர் சொல்வது சரிதான். நாலரைக்கு எக்ஸ்போர்ட் போட்டேன். 82ஐத் தாண்டவில்லை. அப்பா போட்ட கோப்பி ஆறுவதற்குள் சூரியன் வந்துவிட்டது, வீடியோவும் முடிந்துவிட்டது.

மார்ச் 16
ரந்தாவ் வீடியோ கொடுத்தாயிற்று. பாக்கிப் பணம் வந்தது.

மார்ச் 19
அப்பாவின் பாய் முன்னறையிலிருந்து ஹாலுக்கு வந்துவிட்டது. "எனக்கு என்ன காத்து? பெட்டிய ஜன்னல் பக்கம் வையி." முடியாது என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவரும் திரும்பப் போகவில்லை, நானும் கம்ப்யூட்டரை நகர்த்தவில்லை.

மார்ச் 22
போர்ட்டிக்சனில் புது ஆர்டர், இரண்டு நாள் கல்யாணம். முன்பணம் வாங்கியாயிற்று. பெரிய கூலர் வாங்குவதா, சாமான் அறைச் சுவரில் எக்ஸாஸ்ட் விசிறி வைக்க ஆள் கூப்பிடுவதா? அப்பாவிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும். அதனால் கேட்கவில்லை.