சாரைக்கும் நல்ல பாம்புக்கும் கல்யாணமா? பாளையங்கோட்டை வரப்பில் ஒரு முட்டைக் கதை!

பாளையங்கோட்டையில் பாளையங்கால்வாய் பாயும் பக்கமாகப் போனால், கண்ணுக்கெட்டியவரை நெல்லும் வாழையும்தான். பாபநாசம் அணையிலிருந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் வரும் ஜூன் வாக்கில் வரப்பு வெட்டுவார்கள். மண்வெட்டி பட்டு எலி வளை உடையும்போது, உள்ளே கொத்தாகப் பாம்பு முட்டைகள் தெரிவதுண்டு. "நல்லதா, சாரையா?" என்ற கேள்விக்கு, "ரெண்டும் சேர்ந்து போட்டதா இருக்கும்" என்று ஒரு பதிலும் வரும்.

சாரைதான் ஆண், நல்ல பாம்புதான் பெண் என்ற நம்பிக்கை நெல்லைச் சீமைக்கு மட்டும் சொந்தமில்லை. தமிழ்நாடு முழுக்க உண்டு. பின்னிப் பிணையும் பாம்புகள்மேல் புதுத் துணியைப் போட்டு எடுத்தால் செல்வம் சேரும் என்பார்கள். உண்மையில் அப்படி எழும்பி முறுக்கிக்கொள்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அமுக்கப் பார்க்கும் மல்யுத்தம் அது. பாவம், அதற்குப் போய் கல்யாணப் பட்டம்!

சாரையும் நல்ல பாம்பும் வேறு வேறு குடும்பங்கள். கலப்புக் குட்டி பிறக்க வழியில்லை. அமெரிக்காவில் பாம்பு வளர்ப்பவர்கள் கார்ன் ஸ்நேக்கையும் கிங் ஸ்நேக்கையும் கலந்து குட்டி எடுக்கிறார்கள். அவை ஒரே குடும்பத்து நெருங்கிய உறவுகள். அங்கேயும் முட்டையைப் பார்த்துத்தான் கணிப்பார்கள். கரு கூடியது வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். கூடாதது பெரும்பாலும் சிறுத்து, மஞ்சளித்து, நாளடைவில் சுருங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

நம் வரப்புக்கு வருவோம். பாம்பு முட்டை கோழி முட்டைபோல 'டக்'கென்று உடையாது, தோல்போல அமுங்கும். மண்ணின் ஈரத்தை உறிஞ்சி நாளுக்கு நாள் கொஞ்சம் பருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்துப் புரட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் கரு செத்துப்போகலாம். நல்ல பாம்பு எலி வளையிலோ கறையான் புற்றிலோ 10 முதல் 30 முட்டைகள்வரை இடும். சாரை முட்டையும் வெள்ளைதான். வெறும் கண்ணால் பார்த்து இன்னதென்று சொல்வது சுலபமில்லை. கண்ணாடி விரியனுக்கோ முட்டையே கிடையாது, நேராகக் குட்டிதான்.

ஆபத்து முட்டையில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. தாய் நல்ல பாம்பு முட்டைகளை விட்டு அதிகம் நகராமல் காவல் இருக்கும். வளைக்குள் கை விட்டால் முதலில் சந்திப்பது அதைத்தான். சுமார் 2 மாதத்தில் ஓட்டைக் கீறிக்கொண்டு வரும் குட்டிக்கும் முதல் நாளிலிருந்தே விஷம் உண்டு.

சங்கரன்கோவிலில் புற்று மண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் பூசும் அதே ஊர்க்காரர்கள், வயலில் சாரையைக் கண்டால் 'நல்லதோட புருஷன்' என்று கம்பெடுப்பதுதான் வேடிக்கை. விஷமே இல்லாத சாரை, நெல்லைத் தின்னும் எலியைத் தின்கிறது. அடித்தால் சட்டப்படி குற்றம் வேறு.

வரப்பில் முட்டை தெரிந்தால் மண்ணை மூடிவிட்டு நாலடி தள்ளி வெட்டலாம். வீட்டோரம் என்றால் 101-க்கு அழைத்தால் தீயணைப்புத் துறையினர் வருவார்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேராக ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.