கையால் இரண்டு சுற்று

2007-இல், எனக்கு 53 வயதாகும்போது, முதன்முதலாக ஒரு காரின் டைமிங் பெல்ட்டை வீட்டு வாசலிலேயே மாற்றினேன். வண்டி பழைய சான்ட்ரோ. கையேட்டில் சொன்ன கிலோமீட்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு ஊருக்குப் போக வேண்டும், அதற்குள் முடித்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். அந்த வயதிலும் எவ்வளவு அவசரம் இருந்திருக்கிறது என்று இப்போது நினைத்தால் புன்னகைதான் வருகிறது.

என்ஜினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்குவதும் வால்வுகள் திறந்து மூடுவதும் ஒன்றோடொன்று முட்டாமல் நடக்க வேண்டும். கீழே இருக்கும் கிராங்க் ஷாஃப்ட்டையும் மேலே இருக்கும் கேம் ஷாஃப்ட்டையும் சேர்த்துக் கட்டி, அந்தக் கணக்கைக் காப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. முன்பெல்லாம் இந்த வேலையைச் சங்கிலியோ பற்சக்கரமோ செய்தது. ஆலையில் பெருமளவில் தயாரான கார்களில் முதலில் பெல்ட்டைக் கொண்டுவந்தது 1962-இல் ஜெர்மனியில் வந்த கிளாஸ் 1004. பெல்ட்டுக்குச் சத்தம் குறைவு, எண்ணெயும் வேண்டாம். ஆனால் ரப்பருக்கு ஆயுசு உண்டு. அறுவதற்கு முன்னால் பெரும்பாலும் ஒரு முனகல்கூடக் கேட்காது.

சக்கரத்தைக் கழற்றி, எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் என்ஜினைத் தாங்கி, அதைப் பிடித்திருக்கும் மவுண்ட்டை எடுத்தேன். கிராங்க் புல்லி போல்ட்தான் அசையவே இல்லை. காலை முழுக்க அதிலேயே போயிற்று. கடைசியில் தெருமுனைப் பட்டறை மேஸ்திரியிடம் போய் நின்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேலையைத் தன்னிடம் கொடுக்கவில்லையே என்று அவர் முகம் சுருங்கவில்லை. நீளமான இரும்புக் குழாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே வந்துவிட்டார். ஸ்பானரின் பிடியில் குழாயைச் செருகி ஒரு அழுத்து அழுத்தினார், போல்ட் விட்டது.

பழைய பெல்ட்டைக் கையில் வாங்கிப் பின்பக்கமாக வளைத்துக் காட்டினார். நேராகப் பார்த்தால் புதிதுபோலத்தான் இருந்தது. வளைத்ததும் பல்லுக்குப் பல் நடுவே மயிரிழை மாதிரி வெடிப்புகள் தெரிந்தன.

புது பெல்ட்டை நானே மாட்டினேன். கிராங்க்கிலும் கேமிலும் இருக்கும் குறிகள் இரண்டும் நேராக நின்றன. பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனரை இறுக்கிவிட்டுச் சாவியைத் தேடினேன்.

"சார், சாவி இருக்கட்டும். முதல்ல கையால ரெண்டு சுத்து சுத்துங்க" என்றார்.

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். அப்போதுதான் இரண்டு குறிகளும் மறுபடி ஒரே நேரத்தில் தம் இடத்துக்கு வரும். மெல்லச் சுற்றினேன். மேல் குறி ஒரு பல் தள்ளி நின்றது. டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட்டைத் தொய்வாக விட்டிருக்கிறேன். கிராங்க் முதலில் அந்தத் தொய்வை இழுத்துக்கொண்டு, பிறகுதான் கேமை நகர்த்தியிருக்கிறது.

"ஒரு பல்லுன்னா வண்டி ஓடும், ஆனா இழுக்காது. ரெண்டு மூணு பல்லுன்னா வால்வு வளைஞ்சுடும்" என்றார். ஸ்பானரை அவர் கையில் நீட்டினேன். வாங்கவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த டீயை ஆற்றிக் குடித்தார். நான் எல்லாவற்றையும் தளர்த்தி, அந்தப் பக்கத்தை இழுத்துப் பிடித்து மறுபடி மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பட்டறையில் அவருக்காக வண்டிகள் காத்திருந்தன. ஒரு தடவைகூட அவர் தெருப்பக்கம் பார்க்கவில்லை.

இந்த முறை குறிகள் சேர்ந்தன. நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அப்போதும் சேர்ந்தே நின்றன. சாவியைத் திருகினேன். என்ஜின் சீராக ஓடியது.

பணம் கொடுத்தேன், மறுத்துவிட்டார். குழாயைத் தோளில் எடுத்துக்கொண்டே ஒன்று சொன்னார். தான் வேலை கற்ற புதிதில், கையால் சுற்றிப் பார்க்காமல் ஒருவருடைய காரை ஸ்டார்ட் செய்து வால்வுகளை வளைத்துவிட்டாராம். இரண்டு மாதச் சம்பளம் அதற்கே போயிற்றாம். அதை வண்டி ஓடிய பிறகுதான் என்னிடம் சொன்னார்.